கண்ணுக்குத் தெரியாதவன் எங்க நிக்கிறான்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நம்ம பிள்ளைங்க வீட்ல தமிழ் பேச மாட்டேங்குறாங்கன்னு வாசகர்கள் எழுதுற கடிதங்களை ரொம்ப வருஷமா படிக்கிறேன், இன்னிக்கு நான் எழுத வந்தது ஒரு விளையாட்டுல வர்ற சண்டையைப் பத்தி, ஆனா ரெண்டும் ஒரு இடத்துல வந்து சேரும், கொஞ்சம் பொறுமையா படிங்க.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஒரு விளையாட்டு இருக்கு, 1974ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டு வந்தது. கட்டம் போட்ட ஒரு மேப், சின்னச் சின்ன பொம்மைங்க, 20 முகம் உள்ள டைஸ், கதை சொல்ல ஒருத்தர், அவ்வளவுதான் வேணும். கதை சொல்றவரை டிஎம்னு கூப்பிடுவாங்க, எதிரிங்களை நடத்துறதும் அவர்தான், மத்தவங்க ஒவ்வொருத்தரும் கதையில ஒரு பாத்திரமா ஆடுவாங்க. சிங்கப்பூர் ஈசூன்ல எங்க வீட்டு சாப்பாட்டு மேசையில சனிக்கிழமை சாயந்திரம் நான்தான் டிஎம், ஆட வர்றது என் அக்கா பையனும் அவனோட கூட்டாளிங்க மூணு பேரும், எல்லாம் உயர்நிலை ஒண்ணு ரெண்டு படிக்கிற பசங்க.

இதை நான் ஆரம்பிச்சதே ஒரு மனக்கஷ்டத்துலதான். அக்கா பையன் முதல்ல வெளிய ஒரு இடத்துல ஆடப் போனான், அவன் ஆடுன திருடன் பாத்திரம் மந்திரம் போட்டு மாயமா மறைஞ்சுட்டான், ஆனா டிஎம் அவன் பொம்மையை மேப்புலயே விட்டுட்டாரு, அடுத்த டர்ன்ல மூணு காப்ளின் (குட்டிப் பூதம் மாதிரி எதிரிங்க) நேரா அந்தக் கட்டத்துக்கு நடந்து வந்து சுத்தி நின்னு அடிச்சிருக்கு. வீட்டுக்கு வந்து ஷூவைக் கூட கழட்டாம கேட்டான், "மாமா, நான் கண்ணுக்கே தெரிய மாட்டேன்ல, அப்புறம் நான் எங்க நிக்கிறேன்னு அதுங்களுக்கு எப்படி தெரியும்?" எனக்கு அன்னிக்கு உடனே பதில் சொல்ல வரல.

ரூல் புக்கை எடுத்துப் படிச்சா அந்த டிஎம் பண்ணது பாதி சரிதான். 2014ல வந்த 5வது பதிப்புப்படி கண்ணுக்குத் தெரியாம இருக்கறது வேற, ஒளிஞ்சு இருக்கறது வேற. மாயமா இருக்கவனை அடிக்கறவங்க டைஸை ரெண்டு தடவை உருட்டி கம்மியா விழுந்ததைத்தான் எடுத்துக்கணும், அவன் அடிச்சா ரெண்டுல அதிகமா விழுந்ததை எடுத்துக்கலாம், ஆனா அவன் நடக்கற சத்தமும் கால்தடமும் எங்கயும் போயிடாது. இருக்கற இடமே தெரியக் கூடாதுன்னா தன்னோட ஆக்ஷனை, அதாவது அந்த டர்ன்ல அடிக்கக் கிடைக்கிற வாய்ப்பை, செலவு பண்ணி ஒளியணும், சத்தம் வராம இருக்கான்னு டைஸ் உருட்டணும். அதுல ஜெயிச்சுட்டா எதிரிங்க குத்துமதிப்பா ஒரு கட்டத்தைத்தான் அடிக்க முடியும், அவன் அங்க இல்லன்னா டைஸ்ல என்ன விழுந்தாலும் அடி வீண். 2000ல வந்த 3வது பதிப்புல சரியான கட்டத்தைக் கண்டுபிடிச்சாலும் அடி பாதிக்குப் பாதி தப்பும், அதான் பழைய ஆளுங்களும் புது ஆளுங்களும் இதுல ஒத்துப்போறதே இல்ல. என் குறை என்னன்னா, ஒளியணும்னு அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரல, காப்ளின் காதுல என்ன கேட்டுச்சுன்னும் யாரும் சொல்லல.

அதனால எங்க மேசையில மறைஞ்சவன் பொம்மையை உடனே எடுத்துடுவேன். அவன் நிக்கிற கட்டத்தை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி மடிச்சு என் தேத்தண்ணி கிளாஸுக்கு அடியில வச்சிடுவேன், ஏன்னா பசங்க சரியா கணிச்சதும் டிஎம் மனசு மாறி ஆளை நகர்த்திடக் கூடாது, அது பெரிய துரோகம். அப்புறம் ஒவ்வொரு டர்னுக்கும் ஒரு சத்தம் மட்டும் சொல்லுவேன், தமிழ்லதான் சொல்லுவேன். போன மாசம் ஒரு மந்திரவாதி மறைஞ்சு ஓடினான், நான் "சரசரன்னு கேக்குது"ன்னேன். ஒரு பையன், எதுக்கும் இங்கிலீஷ்லயே பதில் சொல்றவன், "சரசரன்னா என்ன அங்கிள்?"னு கேட்டான், என் அக்கா பையன் உங்க பத்திரிகையையே எடுத்து அவன் காதுகிட்ட வச்சு கசக்கிக் காட்டினான். நாலு பேரும் மேப்புல ஆலமரத்தடியில சருகு வரைஞ்ச கட்டங்களைத் தேட ஆரம்பிச்சாங்க. அடுத்த டர்ன்ல "சளக் சளக்", உடனே கிணத்தடி சேறுன்னு அந்தப் பையனே விரல் வச்சான். மூணாவது "கிறீச்", மரப்பாலம். ஒருத்தன் அணைஞ்ச அடுப்புச் சாம்பலை அள்ளி பாலத்து மேல வீசுறேன்னான், ரூல்ல அது கிடையாது, ஆனா அந்த யோசனைக்கு நான் ஒரு டர்ன் முழுக்க ஆளோட உருவத்தைக் காட்டினேன். இன்னொருத்தன்கிட்ட ஃபேரி ஃபயர் ஸ்பெல் இருந்துச்சு, 20 அடி இடத்துல சிக்குனவங்க உடம்பைச் சுத்தி வெளிச்சம் வரும், மாயமா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

இந்திரஜித்து வானத்துல மறைஞ்சு நின்னு நாகபாசம் விட்ட கதையும் அன்னிக்கு சொன்னேன். எங்க விளையாட்டுல சாதாரண மறைவு மந்திரம் ஒரு மணி நேரம் வரைக்கும் தாங்கும், ஆனா அடிச்ச உடனே கலைஞ்சிடும், 4வது லெவல் மந்திரம்னா அடிச்சாலும் கலையாது, ஆனா ஒரு நிமிஷம்தான். இந்திரஜித்துகிட்ட இருந்தது 4வது லெவல்தான்னு பசங்களே முடிவு பண்ணிட்டாங்க, கருடன் வந்து நாகபாசத்தை அவிழ்த்தது வரைக்கும் கேட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போனாங்க.

இரட்டைக்கிளவியை இந்தப் பசங்க பரிட்சைக்காக மனப்பாடம் பண்ணி மறந்தவங்க. இப்ப அதைத் தப்பா புரிஞ்சுகிட்டா சண்டையில அடி வாங்கணும், அதனால காதைத் தீட்டி வச்சுக்கிட்டு கேக்குறாங்க. உங்க மாணவர் பக்கத்துல இந்த மாதிரி விளையாட்டுக்கும் கொஞ்சம் இடம் குடுங்க, எப்படி நடத்தறதுன்னு எழுதித் தர நான் தயார்.

வாசகர்கள்கிட்டயும் ஒரு உதவி வேணும். இந்தச் சனிக்கிழமை இரும்புச் சட்டை போட்ட ஒருத்தன் மறைஞ்சு மணல்ல ஊர்ந்து வரப் போறான், அந்தச் சத்தத்துக்கு எனக்கு நல்ல சொல் கிடைக்கல. உங்க ஊர்ல, உங்க பாட்டி வாயில கேட்ட சொல் ஏதாவது இருந்தா எழுதுங்க.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்