மேடை மறுத்த அரங்கு

ஐயா,

வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் ஹால் பற்றிய தங்கள் கட்டுரை, ஜான் ரஸ்ஸல் போப் வடிவமைத்து 1929-இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் அழகை விரிவாக வருணித்துவிட்டு, 1939-இல் கறுப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு அரங்கின் உரிமையாளரான ‘அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்’ சங்கம் (அமெரிக்க விடுதலைப் போரில் பங்கேற்றோரின் வழிவந்த பெண்களின் அமைப்பு) அங்கே மேடை மறுத்ததை ஒற்றை வரியில் கடந்திருப்பது சரியன்று. அன்றைய அமெரிக்க அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் சங்கத்திலிருந்து விலகியதும், ஏப்ரல் 9 அன்று லிங்கன் நினைவிடப் படிகளில் ஆண்டர்சன் பாடியதைக் கேட்கச் சுமார் 75,000 பேர் திரண்டதும் அந்த மறுப்பின் விளைவுகளே. (1943-இல் அதே அரங்கில் அவர் பாடினார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.)

நான் அச்சங்கத்தின் வளாகத்துக்குச் சென்றிருந்தபோது, அதன் பழைய மாநாட்டு மண்டபம் நூலகமாகியிருக்க, கண்ணாடிக் கூரையின்கீழ் முதியவர் ஒருவர் பதிவேட்டில் விரல் வைத்துத் தம் மூதாதையர் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். முன்னோரை அத்தனை கவனமாகப் பதிந்துவைக்கும் இடத்தின் வரலாற்றில் இந்நிகழ்வு விடுபடலாகாது. லிங்கன் நினைவிடக் கச்சேரியின் படத்துடன் ஞாயிறு மலரில் இதன் தொடர்ச்சியை வெளியிடலாம்.

ஒரு வாசகர், திருச்சி