விலாக்குத்தை வாய்வென்று விடாதே

அன்பு மகனுக்கு,

"விலாவுக்குள்ள சடாரென்று ஒரு குத்து, வாய்வுதான் அம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். எனக்கு அதற்குப் பிறகு நித்திரை இல்லை. தாதியாக வாட்டில் நின்ற காலம் முழுக்க, "வாய்வுதான்" என்று பிந்தி வந்தவர்களைத்தான் கூடப் பார்த்தேன்.

முதலில் அந்த இடத்தை ஒரு விரலால் அமத்திப் பார். விலா எலும்பு நெஞ்செலும்போடு சேருமிடத்தில் குருத்தெலும்பு இருக்கிறது. அது அழன்றால் விரல் பட்டதும் சுள்ளென்று நோகும். ஸ்டோரில் பெட்டி தூக்குகிறாய், போன கிழமை முழுக்க இருமினாய். விலாத்தசை பிடித்துமிருக்கலாம். இதுகளுக்கு ஓய்வும் சூட்டு ஒத்தடமும் பனடோலும் போதும். ஆனால் அமத்த நோகிறது என்பதை மட்டும் வைத்து இதயத்தில் பிழையில்லை என்று முடிவு கட்டாதே.

சேட்டைக் கழட்டிக் கண்ணாடியிலும் பார், மனே. வெள்ளாமை வெட்டு நேரம் படுவான்கரையிலிருந்து ஒரு ஐயா வந்தார். விலாவில் ஒரே எரிவு. சுளுக்கென்று வீட்டில் எண்ணெய் போட்டு உருவியிருந்தார்கள். சாரனுக்கு மேலே, முதுகிலிருந்து வயிறு வரைக்கும், ஒரு பக்கத்தில் மட்டும் பட்டி போட்டதுபோலக் கொப்புளம். அக்கி! நோவு முந்தி வரும், கொப்புளம் பிந்தி வரும். சின்ன வயதில் உனக்கு வந்த கொப்புளிப்பானின் கிருமிதான் நரம்பில் கிடந்து இப்படிக் கிளம்புவது. கொப்புளம் கண்டு 72 மணித்தியாலத்துக்குள் குளிசை தொடங்குவது நல்லது.

கொழுப்புச் சாப்பாட்டுக்குப் பிறகு வலப்பக்க விலாவுக்குக் கீழே நொந்து தோள்பட்டைக்கு ஏறினால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். பின்பக்கம் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கினால் சிறுநீரகக் கல். தோஹா வெயிலுக்கு நீ தண்ணீர் குடிப்பதும் காணாது.

என் பயமெல்லாம் மூச்சைப் பற்றித்தான். மூச்சிழுக்கக் குத்தி, காய்ச்சலும் சளியும் இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். உன்னைப்போல் உயரமான, ஒல்லியான பொடியன்களுக்கு நுரையீரலிலிருந்து காற்றுக் கசிந்து அது சுருங்கிப்போவதும் உண்டு. சிகரட் பிடித்தால் இன்னும் மோசம். கட்டுநாயக்காவிலிருந்து தோஹாவுக்கு 5 மணித்தியாலமளவு காலை மடக்கிக்கொண்டு போனாய், அதுவும் அண்மையில். காலில் இரத்தம் கட்டி நுரையீரலுக்கு ஏறினாலும் இதே குத்துத்தான் வரும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நோகிறதா, பார்.

நெஞ்சை அமத்துவதுபோலிருந்து, கைக்கோ தாடைக்கோ நோவு பரவி, குளிர்ந்து வேர்த்தால், மூச்சு முட்டினால், தலை சுற்றினால் ஒரு நிமிஷமும் பார்க்காதே. இங்கென்றால் அம்புலன்சுக்கு 1990க்கு அடி என்பேன், அங்கே 999. டாக்சி பிடித்துத் தனியாகப் போகாதே.

அப்படி ஒன்றும் இல்லையென்றாலும் இன்றைக்கே டொக்டரைக் காண். அப்பாவுக்கு இதய வருத்தம் இருந்ததை மறைக்காமல் சொல். ஈசிஜி எடுத்தால் அந்தப் பேப்பரைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடு. எந்த நேரமென்றாலும் முழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா
கல்லடி, மட்டக்களப்பு