பணம் கட்டச் சொல்லும் எழுத்து, மழை வருவதையும் சொல்லட்டும்

டிடிஎச் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கும், அவர்களுக்கு உரிமம் வழங்கும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

திருத்துறைப்பூண்டி வட்டத்தில் மூன்று ஏக்கரில் குறுவையும் சம்பாவும் போடுகிற குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டு மாடியில் உங்களில் ஒருவருடைய டிஷ் இருக்கிறது. எந்த நிறுவனம் என்று நான் சொல்லப்போவதில்லை. யாருடைய டிஷ்ஷாக இருந்தாலும் அன்றைக்கு இதேதான் நடந்திருக்கும்.

போன ஐப்பசியில் குறுவை அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனோம். நாற்பது கிலோ மூட்டைக் கணக்கில் 160 சிப்பம் தேறும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். மெஷினில் 18.6 காட்டியது. "ஒரு நாள் நல்லா காயவச்சுக் கொண்டாங்கம்மா" என்றார் அங்கிருந்தவர். மறுநாள் காலை வெயில் சுள்ளென்று அடித்தது. குவியலைக் கலைத்து, நிலையத்துக்கு எதிரே சாலையோரமாகக் கொட்டிப் பரப்பினோம். நானும் என் நாத்தனாரும் காலால் துழாவித் துழாவிவிட்டோம். பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு பிடி அள்ளிப் பல்லில் கடித்துப் பார்த்தேன், நறுக்கென்று உடைந்தது. சாயங்காலத்துக்குள் எடைக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

ஒன்றரை மணிக்கு வீட்டுக்குச் சாப்பிட வந்தோம். டிவி ஓடிக்கொண்டிருந்தது. செய்தியில் சென்னையில் ஏதோ ஒரு சுரங்கப்பாதையில் தேங்கிய தண்ணீரைக் காட்டினார்கள். கீழே ஓடிய வரியில் "டெல்டா மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மழைக்கு வாய்ப்பு" என்று போட்டிருந்தது. அந்த ஓரிரு இடங்களில் எங்கள் ஊர் உண்டா இல்லையா என்று அந்த வரியைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்? வானிலைத் துறையின் கணக்கில் அந்தச் சொல்லுக்குக் கால்வாசி இடங்கள் வரை என்று பொருள். மீதி முக்கால்வாசியில் மழை இருக்காது. நெல்லைப் பரப்பி வைத்திருப்பவருக்கு அந்த வரியால் ஒரு பயனும் இல்லை.

அப்போதுதான் திரையின் நடுவே ஒரு பெட்டி வந்து நின்றது. எங்கள் இணைப்பு எண்ணைப் போட்டு, இருப்பு குறைவாக உள்ளது, இரண்டு நாளில் சேவை நிற்கும், உடனே ரீசார்ஜ் செய்யவும் என்று எழுதியிருந்தது. ரிமோட்டை அழுத்தினால் போகும், மறுபடி வரும். ராத்திரி மாமனாருக்குச் செய்தி பார்க்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சாப்பிட்ட கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் பணம் கட்டப் போனார்.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் தென்மேற்கே கருத்தது. இடி ஒன்று இறங்கியது. அடுத்த பத்து நிமிடத்தில் கொட்டத் தொடங்கிவிட்டது. நானும் நாத்தனாரும் ஓடிப்போய் நெல்லைக் கூட்டிக் குவித்துப் படுதாவை இழுத்துப் போட்டோம். இரண்டு பெண்களால் 160 சிப்பத்தை எவ்வளவு வேகமாகக் கூட்ட முடியும்? படுதாவின் ஒரு பக்கத்தைக் காற்று தூக்கித் தூக்கி அடித்தது. சாலையில் ஓடிய தண்ணீர் குவியலின் அடியில் புகுந்தது. என் வீட்டுக்காரரும் கூட இருந்திருந்தால் பாதியையாவது காப்பாற்றியிருப்போம். அவர் ரீசார்ஜ் கடை வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் படுதாவைத் தூக்கியபோது சூடும் புளித்த வாடையும் முகத்தில் அடித்தன. அடி நெல் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. நாற்றங்காலில் பார்த்தால் மனம் குளிரும் முளை அது.

மழை பெய்த அன்று ராத்திரியே பக்கத்து வீட்டுப் பையன் தன் போனில் ஒன்றைக் காட்டினான். சென்னை வானிலை மையம் பகல் ஒரு மணிக்கே திருவாரூர் மாவட்டத்தின் பெயரைப் போட்டு, அடுத்த மூன்று மணி நேரத்தில் இடியுடன் மழை என்று அறிவித்திருக்கிறது. காரைக்காலில் ராடார் இருக்கிறது, எங்கள் வானம் அதன் பார்வைக்குள்தான் வருகிறது. கணித்தவர்கள் தங்கள் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறார்கள். ஒரு மணிக்குச் சொன்னது எங்களை வந்து சேரவில்லை. அதற்கு அரை மணி நேரம் கழித்து நாங்கள் டிவிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தோம்.

இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். இந்த வீட்டில் இந்த எண்ணுள்ள பெட்டியில் இருப்பு குறைந்துவிட்டது என்று, ஊரில் வேறு எந்த வீட்டுத் திரையிலும் வராமல், எங்கள் திரையில் மட்டும் எழுத உங்களால் முடிகிறது. எங்கள் முகவரியும் பின்கோடும் உங்களிடம் இருக்கின்றன. அதே வழியில், அதே பெட்டியில், எங்கள் மாவட்டத்துக்கு வந்த மழை எச்சரிக்கையைப் போடுங்கள்.

எல்லா ஊருக்கும் ஒரே ஒளிபரப்பு, ஊருக்கு ஊர் மாற்ற முடியாது என்று பதில் வரலாம். படத்தைப் பொறுத்தவரை அது சரி. செயற்கைக்கோள் கொட்டுவதைத்தான் நுங்கம்பாக்கத்திலும் பார்க்கிறார்கள், நாங்களும் பார்க்கிறோம். பெட்டிக்கு வரும் எழுத்து அப்படியில்லை என்பதை மாதாமாதம் எங்களுக்குக் காட்டுகிறவர்களே நீங்கள்தான்.

இது புதிய யோசனையும் அல்ல. 1983 ஆகஸ்டில் ஏவப்பட்ட இன்சாட்-1பி, டிவி ஒளிபரப்பையும் சுமந்தது, மேகத்தைப் படம் பிடிக்கும் கருவியையும் சுமந்தது. அந்த இன்சாட் வழியாகவே 1980களில் தமிழ்நாடு, ஆந்திரக் கடற்கரைகளில் புயல் எச்சரிக்கைப் பெட்டிகளை வானிலைத் துறை வைத்தது. எந்த மாவட்டத்துக்கு ஆபத்தோ அந்த மாவட்டத்துப் பெட்டிகளை மட்டும் அலற வைத்து, அந்த ஊர் மொழியிலேயே செய்தி சொல்ல அதில் வழி இருந்தது. அரசு அலுவலகத்திலும் துறைமுகத்திலும் வைத்த அந்தப் பெட்டியை விட இன்று எங்கள் கூடத்தில் இருக்கும் பெட்டி எவ்வளவோ திறமையானது. அதற்கு மழையைப் பற்றி மட்டும் பேச வாய் இல்லை.

மழை வந்த பிறகு சொல்வதில் பயன் இல்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். உங்கள் சிறிய டிஷ் வாங்கும் அலை மழைத்துளியில் கரைந்துபோகும். பழைய கேபிள்காரர் வைத்திருந்த பெரிய குடைக்கு அந்தத் தொல்லை குறைவு. மழை வலுத்தால் எங்கள் திரையில் சிக்னல் இல்லை என்ற எழுத்து மட்டும் மிஞ்சும். அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. வானம் வெளுத்திருக்கும்போதே, அந்த இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எச்சரிக்கை வந்தாக வேண்டும்.

போனில் வருகிறதே என்பார்கள். வருகிறது. விவசாயிகளுக்கு வானிலை சொல்ல மேகதூத் செயலி இருக்கிறது, இடிக்குத் தாமினி செயலி இருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் மாவட்ட வாரியாக வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. யாரையும் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் செயலிகள் ஓடும் போன் ஒன்றுதான், அது திருச்சியில் படிக்கும் மகளிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது பட்டன் போன். வயலில் இருக்கும்போது அது வீட்டில் கிடக்கும்.

வானொலியைச் சொல்லாமல் விட்டால் என் மாமனார் கோபித்துக்கொள்வார். திருச்சி வானொலியும் காரைக்கால் பண்பலையும் அவருக்குப் பழக்கம். 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா புயல் கரை கடந்தபோது டிவி, கரண்ட், போன் எல்லாம் போய்விட்டன. எங்கள் தெருவில் பேசிக்கொண்டிருந்தது அவருடைய இரண்டு பேட்டரி டிரான்சிஸ்டர் மட்டும்தான். இன்று எத்தனை வீட்டில் டிரான்சிஸ்டர் இருக்கிறது? எல்லார் வீட்டிலும் இருப்பது டிவி, அதற்கு மேலே உங்கள் டிஷ்.

கேபிள் காலத்தில் ஊருக்கென்று ஒரு சேனல் ஓடும். கேபிள்காரரிடம் ஓடிப்போய்ச் சொன்னால், இன்று வாய்க்காலில் தண்ணீர் திறக்கிறார்கள், மழை வருகிறது என்று எழுத்து ஓட்டுவார். டிஷ் வந்தபோது அந்தச் சேனல் போனது. நூற்றுக்கணக்கான சேனல்கள் கிடைத்தன, எங்கள் ஊர் பெயர் வரும் ஒன்று மட்டும் இல்லாமல் போனது. செய்திச் சேனல்கள் பற்றி எழுதினால் இந்தக் கடிதம் முடியாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது, தென்கோடியில் அப்படி ஒரு ஊர் இருப்பதே பல திரைகளுக்கு அன்றுதான் தெரிந்தது. தலைநகரில் கணுக்கால் நனைந்தால் நாள் முழுக்க நேரலை போடுகிறார்கள். சென்னைக்காரர்கள் படும் பாட்டை நான் சிறிதாக்கவில்லை, அங்கும் எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதே மழை எங்கள் பக்கம் வரும்போது எங்கள் பெயரையும் ஒரு வரி சொல்லக் கூடாதா என்றுதான் மனம் கேட்கிறது.

கோபத்தில் வார்த்தை நீண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றுதான். வானிலை மையம் மாவட்டத்தின் பெயர் சொல்லி மூன்று மணி நேர எச்சரிக்கை விடும்போது, அந்த மாவட்டத்துப் பெட்டிகளில் அதைத் தமிழில், பெரிய எழுத்தில், எந்தச் சேனல் ஓடினாலும் போடுங்கள். "திருவாரூர் மாவட்டம். மாலை 4 மணிக்குள் இடியுடன் மழை" என்று எழுதினால் போதும், படுதா எடுப்பதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். ரிமோட்டை அழுத்தினால் போய், மறுபடி வரட்டும். யாரும் எரிச்சல்பட மாட்டோம். இதை உரிம நிபந்தனையாக்க முடியுமானால் அமைச்சகம் ஆக்கித் தர வேண்டும் என்றும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

தையில் சம்பா அறுவடை தொடங்கும். 2023 பிப்ரவரியில் அறுக்க நின்ற சம்பாவைப் பருவம் தவறிய மழை சாய்த்ததை டெல்டாவில் யாரும் மறக்கவில்லை. எங்கள் பெட்டி எண்ணும் பின்கோடும் உங்களிடம் இருக்கின்றன. தைக்குள் செய்து தாருங்கள்.

இப்படிக்கு,
திருத்துறைப்பூண்டி வட்டத்திலிருந்து ஒரு விவசாயி