கடைசிப் பக்கத்தில் இருந்த பெயர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ தம்பிக்கு அனுப்பிய அண்டார்டிகக் கடல் பயண ஆராய்ச்சித் திட்டத்தை அவன் எனக்கும் அனுப்பிவிட்டான். அவனைத் திட்டாதே, நான்தான் நச்சரித்து வாங்கினேன். 26 பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை, புரியாத இடத்திலெல்லாம் பென்சிலால் கேள்விக்குறி போட்டேன். இரண்டாம் தடவை அதில் பாதியை அழித்தேன். மீதி அப்படியே இருக்கிறது. கடைசிப் பக்கத்தைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

முதலில் பல். உடல் தகுதிப் பட்டியலில் பல் பரிசோதனையும் இருக்கிறதே, முடித்துவிட்டாயா? இடது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லைத்தான் சொல்கிறேன். சில்லென்ற தண்ணீர் பட்டால் ஒரு கண்ணை மட்டும் இறுக்கிக்கொள்வாயே. கப்பலில் டாக்டர் இருப்பார், பல் டாக்டர் இருக்க மாட்டார். 1961-ல் அண்டார்டிகாவில் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தில் ரோகசோவ் என்ற டாக்டர் தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்த கதையை எனக்குச் சொன்னதே நீதான். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். அவருக்கு 27 வயது. அவர் வீட்டாருக்கு விஷயம் எப்போது தெரிந்திருக்கும் என்று நான் அன்று இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தேன்.

சரி, திட்டத்துக்கு வருகிறேன். நன்றாக எழுதியிருக்கிறாய். முகத்துக்காகச் சொல்லவில்லை. கப்பல்கள் பெரும்பாலும் கோடையில்தான் போகின்றன, அதனால் அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அதன் கோடைக்கால முகம்தான் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உலகக் கடல்கள் இழுத்துக்கொள்ளும் நம் கார்பனில் ஏறக்குறைய 40 சதவீதத்தைத் தென்கடல் ஒன்றே வாங்கிக்கொள்கிறது என்கிறார்கள். அவ்வளவு பெரிய கணக்கில் குளிர்காலப் பக்கம் பாதி காலி. ஆறு மாத ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு வருடக் கணக்கை முடித்த மாதிரி இருக்கிறது என்றேன். அம்மா, "அவள் எழுதினதை மட்டும் படிங்க, உங்க விளக்கம் வேண்டாம்" என்றாள்.

தானாகவே கடலை அளக்கும் அந்த ஆர்கோ மிதவை பற்றிய பகுதியும் பிடித்தது. 2000 மீட்டர் ஆழத்திலிருந்து அளந்துகொண்டே மேலே வரும். மேல்தண்ணீர் உறைநிலைக்குப் பக்கத்தில் இருந்தால், தலைக்கு மேல் ஐஸ் இருக்கிறது என்று தானே முடிவு செய்து மறுபடி கீழே இறங்கிவிடும். அளந்ததையெல்லாம் சேர்த்து வைத்திருந்து, திறந்த தண்ணீர் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். படித்தபோது எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. நீ கடைசியாகப் பேசி ஐந்து மாதம் ஆகிறது என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன்.

இப்போது குறை. 42 நாள் கப்பல் நேரம் கேட்டிருக்கிறாய். போக வர 12 நாள் போனால் மீதி 30. அந்த முப்பதையும் மணிக்கணக்காக நிரப்பிவிட்டாய். நான் 34 வருடம் கட்டட வேலைக்கு நாள் போட்டவன். மழை நாள் போடாத ஒப்பந்தக்காரனை நான் நம்பினதே இல்லை. வெப்பம், உப்பு, ஆழம் அளக்கும் சி.டி.டி. கருவியை 4000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, வழியில் நிறுத்தி நிறுத்தி பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஏற்ற மூன்று நான்கு மணி நேரம் ஆகும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அதை இறக்கி ஏற்றும் வின்ச் மக்கர் பண்ணினால்? இரண்டு நாள் புயல் அடித்தால்? பாதி நாள்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள், எதை முதலில் செய்வாய், எதை விடுவாய்? அந்த வரிசையை இப்போதே, மேஜையில் உட்கார்ந்திருக்கும்போதே எழுதி வை. கப்பலில் வைத்து முடிவெடுத்தால் யார் குரல் பெரியதோ அவர்கள் ஸ்டேஷன்தான், அதாவது அவர்கள் அளக்க நினைத்த இடம்தான், மிஞ்சும்.

ஆர்க்டிக்கில் மொசைக் என்ற ஆராய்ச்சிப் பயணம் நடந்ததே, 2019 செப்டம்பரில் கிளம்பி, போலார்ஸ்டெர்ன் கப்பலை ஐஸோடு சேர்த்து மிதக்கவிட்டு. 1893-ல் நார்வேக்காரர் நான்சென் ஃபிராம் கப்பலை அப்படி விட்டதற்கு அப்புறம் எவ்வளவு யோசித்துப் போட்ட திட்டம்! நடுவில் கொரோனா வந்தது. ஆள் மாற்ற முடியாமல் அந்தக் கப்பலே ஐஸை விட்டு ஸ்வால்பார்டு தீவுகள் பக்கம் வந்து வேறு கப்பல்களைச் சந்திக்க வேண்டியதாயிற்று. உள்ளே இருந்தவர்கள் நினைத்ததைவிட மாதக்கணக்கில் கூடுதலாக இருந்தார்கள். ஆகவே உபரி நாள் போடு.

ஐஸ் விஷயத்திலும் ஒன்று. 2023 பிப்ரவரியில் அண்டார்டிகாவைச் சுற்றிக் கடல் ஐஸ் 17.9 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது, செயற்கைக்கோள் அளவு தொடங்கியதிலிருந்து அதுதான் குறைவு என்று போட்டிருக்கிறாய். சரிதான். ஆனால் மொத்தத்தில் குறைவு என்றால் நீ கடலடியில் நங்கூரமிட்டு நிறுத்திய மூரிங் கருவிகள் நிற்கும் இடத்திலும் குறைவு என்று ஆகிவிடாதே. அண்டார்டிகாவின் வெடல் கடல் எண்டூரன்ஸ் என்ற ஆய்வுப் பயணக் கப்பலை 1915-ல் நசுக்கி உள்ளே இழுத்துக்கொண்டது. 2022-ல்தான் 3008 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. அது மரக்கப்பல், இது பனியுடைக்கும் கப்பல் என்று நீ சொல்வாய். சொல், நான் கேட்டுக்கொள்கிறேன்.

மூரிங்கை எடுக்கும் நாளை 19-ம் நாளில் வைத்திருக்கிறாய். முன்னால் கொண்டு வா. மேலிருந்து ஒலி அனுப்பினால் கீழே கொக்கி விடுபட்டு, மிதவைகள் கம்பியோடு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு மேலே வரும் என்று நீ படம் போட்டுக் காட்டியது ஞாபகம் இருக்கிறது. மேலே ஐஸ் மூடியிருந்தால் ஐஸுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். அதனால் கொக்கியை விடவே மாட்டீர்கள், இன்னொரு வருடம் காத்திருப்பீர்கள். இரண்டு வருட அளவு முழுதும் அந்தக் கருவிகளுக்குள்தான் இருக்கிறது. இடம் திறந்திருக்கிற முதல் நாளே எடுத்துவிடு. மற்றதெல்லாம் அப்புறம்.

சீல்களுக்கான பெர்மிட்டைக் கடைசி மாதத்தில் போட்டிருக்கிறாய். அண்டார்டிக் உடன்படிக்கையின் 1991 நெறிமுறைப்படி சுற்றுச்சூழல் மதிப்பீடு முதலிலேயே வேண்டும் என்று நீதான் ஒரு முறை யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தாய்.

சீல் என்றதும் பாட்டி ஞாபகம் வந்துவிட்டது. யானைச் சீல் தலையில் கருவியை ஒட்டி அனுப்பினால், அது முங்குகிற ஆழமெல்லாம் வெப்பமும் உப்பும் அளந்துகொண்டு வரும் என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாயே. பாட்டி கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அதுக்கு வலிக்காதா?" பசைதான் பாட்டி, வருஷா வருஷம் முடி உதிரும்போது தானா விழுந்துடும் என்றாய். பாட்டி உன் தலையைத் தடவிப் பார்த்தாள், பசை ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

பாப்பா, நான் இவ்வளவு நேரம் நாள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது இதை எழுதாமல் இருக்கத்தான்.

அந்த மார்ச்சில் நீ மூரிங்கை இறக்கிய அன்று படம் அனுப்பினாய். கப்பல் தளத்தில் ஆரஞ்சு நிற மிதவைகள் வரிசையாக, பக்கத்தில் மூக்கு மட்டும் தெரிகிற மாதிரி நீ. எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். "எல்லோரும் நலம்" என்று பதில் போட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் அதை அடித்தேன்.

கப்பலைத் திருப்ப முடியாது, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நீ திரும்பி வந்தபின் சொன்னேன். எல்லோரிடமும் அதையேதான் சொன்னேன். அதை நாங்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இல்லை. அம்மா உனக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றாள். நான்தான் தடுத்தேன். இன்று வரை அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவளிடம் பேசாமல் இருக்காதே.

இன்னொன்றும் இருக்கிறது, அது அம்மாவுக்கும் தெரியாது. பாட்டி உன்னிடம் பேச வேண்டும் என்று கேட்டாள். இரண்டு தடவை. "லைன் கிடைக்கலை அம்மா" என்றேன். லைன் கிடைக்குமா என்று நான் முயன்றே பார்க்கவில்லை. கப்பலின் சாட்டிலைட் போன் நம்பர் உன் கையெழுத்தில் என் சட்டைப் பையில் இருந்தது. நீ அந்தப் பக்கம் அழ, நான் இந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டுமே என்று பயந்தேன். அவ்வளவுதான். உன் வேலை கெட்டுவிடும் என்றதெல்லாம் அப்புறம் நான் கண்டுபிடித்த காரணம். மறுநாள் காலை பாட்டி உன்னைக் கேட்கவில்லை. "அந்தப் பசை விட்டுப்போச்சாமா?" என்று மட்டும் கேட்டாள். விட்டுப்போச்சு என்றேன்.

கடைசிப் பக்கத்தில் அவசரத் தொடர்பு என்ற இடத்தில் போன தடவை என் பெயர் இருந்தது. இந்தத் தடவை தம்பி பெயர். மாற்றச் சொல்லவில்லை. சரியாகத்தான் செய்திருக்கிறாய். ஆனால் அவனும் என் பிள்ளை. அக்கா பாவம், வந்ததும் சொல்லிக்கலாம் என்று அவனுக்கும் தோன்றும். ஆகவே வாய்வார்த்தையாக விடாதே, எழுதிக் கொடு. "எந்தச் செய்தியானாலும் அன்றைக்கே, கப்பலிலேயே எனக்குச் சொல்ல வேண்டும்" என்று எழுது. கப்பல் டாக்டரிடமும் ஒரு பிரதி கொடுத்து வை.

அடுத்த மாதம் எனக்கு ஒரு டெஸ்ட் இருக்கிறது. பெரிதாக ஒன்றும் இருக்காது என்கிறார்கள். வழக்கமாக இதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டேன். தேதி 14. முடிவு வந்த அன்றே, என்னவாக இருந்தாலும், எழுதுகிறேன். இதற்காக நீ எதையும் தள்ளிப்போடக் கூடாது. மூரிங்கைப் போய் எடு.

திட்டத்தில் 11-ம் பக்கத்து அட்டவணையில் கூட்டல் தப்பு, 58 ஸ்டேஷன் என்று எழுதி 56-தான் எண்ணியிருக்கிறாய். உபரி நாள் போட மறக்காதே. பல் டாக்டரைப் பார்த்ததும் ஒரு வரி போடு, அம்மாவுக்குப் போட்டாலும் போதும்.

அப்பா