‘இருக்கக்கூடிய’ தொல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேடையில் ‘வந்து... வந்து...’ என்று இழுப்பவர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். ‘வந்து’வை விடுங்கள், அது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். நான்காவது ‘வந்து’விலேயே கடைசி பெஞ்சு விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிடும். முப்பது வருடம் தமிழாசிரியையாக இருந்தவளுக்குத் தெரியாதா! என் பயமெல்லாம் நல்ல தமிழ் வேடம் போட்டு வருகிற ‘கூடிய’ மேல்தான்.

தொலைக்காட்சி நேரலையைக் கவனியுங்கள். ‘சென்னையில் இருக்கக்கூடிய மெரினா கடற்கரையில் திரண்டிருக்கக்கூடிய மக்கள்...’ வரக்கூடிய மழை என்றால் சரி. வரலாம், வராமலும் போகலாம். மெரினா எங்கே போகப்போகிறது? அடுத்த சொல் வந்து சேரும்வரை பஸ் சீட்டில் போட்டுவைக்கிற துண்டு இது, அவ்வளவுதான். நேரலையில் பேசுகிறவருக்காவது அவசரம். ஆற அமர எழுதிய உங்கள் கட்டுரையிலும் மூன்று ‘கூடிய’ இருந்தனவே?

தனிப்பொருள் இல்லாமல் ஓசை நிரப்ப வரும் அசைச்சொல் நமக்குப் புதிதல்ல. தொல்காப்பிய இடையியலில் மியா, இக, மோ, மதி, இகும், சின் என முன்னிலை அசைகள், அதாவது எதிரே இருப்பவரிடம் பேசும்போது வருபவை, மட்டுமே ஆறு. ஆனால் குறுந்தொகையின் ‘கண்டது மொழிமோ’வில் ‘மோ’வை எடுத்தால் ஓசை இடறும். ‘இருக்கக்கூடிய’வை எடுத்துப் பாருங்கள், மூச்சுத்தான் மிச்சம்.

இவ்வளவு பேசுகிற என் கதையைக் கேளுங்கள். போன மாதம் நூலக வாசகர் வட்டத்தில் நான் பேசியதைப் பேத்தி செல்போனில் பதிவுசெய்து போட்டுக் காட்டினாள். பன்னிரண்டு நிமிடத்தில் ‘வந்து’ இரண்டே இரண்டு, ‘கூடிய’ பத்தொன்பது! காதைப் பொத்திக்கொண்டேன்.

1924-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற மேடைப்பேச்சுப் பயிற்சி மன்றங்களில் ‘ஆ’, ‘உம்’ எண்ணுவதற்கென்றே ஒருவர் இருப்பார். எங்கள் வீட்டில் அந்த வேலை பேத்திக்கு. ஒவ்வொரு ‘கூடிய’வுக்கும் எவர்சில்வர் தட்டில் ஒரு புளியங்கொட்டை. ‘டிங்’ என்றதும் நாக்கு நின்றுவிடும். ஒரு விஷயத்தை முடித்து அடுத்ததற்குத் தாவும் இடத்தில்தான் அதிகம் விழுகிறது என்று அப்புறம்தான் புரிந்தது. இப்போது அங்கே வாயை மூடி ஒரு மூச்சு விடுகிறேன். சபை முழுக்க என்னையே பார்ப்பதுபோல் நீண்டு தோன்றிய அந்த மௌனம், பதிவில் கேட்டால் ஒரு நொடிகூட இல்லை.

இந்த மாதம் கொட்டை ஏழுதான். ஆனால் ‘அந்த வகையில்’ என்று புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. அதற்குக் குன்றிமணி தேடிக்கொண்டிருக்கிறாள் பேத்தி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
மன்னார்குடி.