மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நண்பர்கள் சேர்ந்து ஒரே நாளில் மலை ஏறி இறங்கிய கட்டுரையை உங்கள் ஞாயிறு இதழில் படித்தேன். படங்கள் அழகு. ஆனால் வேகமாக ஏறியவர்கள் முன்னால் போய் மற்றவர்களுக்காகக் காத்திருந்தார்கள் என்று ஒரு வரி வருகிறதே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் நாங்களும் அதைத்தான் செய்தோம்.

நான் கோயம்புத்தூர்க்காரன், எட்டு வருடமாக மொரிசியஸில் இருக்கிறேன். இங்கே மிக உயர்ந்த மலையே 828 மீட்டர்தான், அதனால் மலை என்றால் எல்லாருக்கும் கொஞ்சம் அலட்சியம். போன வருடம் ஜூன் மாதம் ஒன்பது பேர் சேர்ந்து லெ பூஸ் ஏறினோம். பிரெஞ்சில் கட்டைவிரல் என்று பொருள், உச்சிப் பாறை அப்படித்தான் நிமிர்ந்து நிற்கும். உயரம் 812 மீட்டர். டார்வின் 1836 மே 2 அன்று ஏறிய மலை இது. கீழே போர்ட் லூயி நகரத்தில் ஒரு பகுதிக்கு ட்ராங்கேபார் என்று பெயர், நம்ம தரங்கம்பாடிதான்!

நாங்கள் மோகா பக்கமிருந்து ஏறினோம். முதலில் கரும்புக்காடு, அப்புறம் புதர்க்காடு, அதைத் தாண்டினால் ஒரு சமதளம், அங்கிருந்து துறைமுகம் முழுவதும் தெரியும். கடைசிப் பாறைதான் கஷ்டம், இரண்டு கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். எங்களோடு இங்கேயே பிறந்து வளர்ந்த அக்கா ஒருவர் வந்திருந்தார், ஐம்பது வயதுக்கு மேல். நாங்கள் முன்னால் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, சீனக் கொய்யா பறித்துத் தின்று ஓய்வெடுப்போம், அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்ததும் "வந்துட்டீங்களா, சரி கிளம்பலாம்" என்று எழுந்துவிடுவோம். அதாவது ஓய்வு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு மட்டும் ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை. இது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கடைசிப் பாறைக்குக் கீழே வந்ததும், நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கேயே இருக்கேன் என்றார். விட்டுவிட்டுப் போனோம். மேலே படம் எடுத்து, பீட்டர் போத் மலையின் தலையில் நிற்கும் உருண்டைப் பாறையை ஆளாளுக்குக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கடல் பக்கமிருந்து மேகம் வந்து மூடி, தூறலும் ஆரம்பித்தது. இறங்கி வந்தால் அக்காவைக் காணோம். குளிர் தாங்காமல் தானாகவே இறங்கத் தொடங்கி, கொய்யாப் புதருக்குள் பிரிந்த ஒற்றையடிப் பாதை ஒன்றில் போயிருக்கிறார். அவருடைய போன் என் பையில் இருந்தது. நாற்பது நிமிடம் கத்திக் கத்தித் தேடினோம். ஈரப்பாறையில் வழுக்கி, கணுக்கால் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். ஜூனில் இங்கே ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், இன்னும் ஒரு மணி நேரம் ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அவரை அங்கே விட்டுவிட்டுப் போனதற்கு நானும் பொறுப்பு.

சின்ன வயதில் அப்பாவோடு வெள்ளியங்கிரி ஏறியிருக்கிறேன். பூண்டியில் மூங்கில் தடி வாங்கி என் கையில் கொடுத்து, என்னை முன்னால் நடக்கவிட்டு, அவர் எனக்குப் பின்னாலேயே வருவார். ஏழு மலைக்கும் அப்படித்தான். அது ஏன் என்று அந்த வயதில் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது எங்கள் குழுவில் மெதுவாக நடப்பவர்தான் முதலில், அவர் நின்றால் எல்லாரும் நிற்போம். வழி தெரிந்த ஒருவர் கடைசியில் வருவார். அவரவர் போனும் தண்ணீரும் அவரவரிடம். மதியம் ஒரு மணி ஆனால் உச்சி தொடாவிட்டாலும் திரும்பிவிடுவோம், இதில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. இந்த வருடம் அதே மலைக்கு அக்காவும் வந்தார், முன்னால் நடந்தார், உச்சிக்குப் போக அரை மணி நேரம் கூடுதலாக ஆனது, அவ்வளவுதான்.

கோயில் குழுக்களும் அலுவலக நண்பர்களும் மலைக்குக் கிளம்பும் காலம் இது. அடுத்த முறை மலையேற்றம் பற்றிக் கட்டுரை போடும்போது, எத்தனை மணிக்கு உச்சியைத் தொட்டார்கள் என்பதோடு கடைசி ஆள் எத்தனை மணிக்குக் கீழே வந்தார், அவரோடு யார் இருந்தார்கள் என்பதையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ரோஸ் ஹில், மொரிசியஸ்