தெப்பக்குளத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தெப்பக்குளத்தைத் தூர்வாரி, இடிந்த படித்துறையைக் கட்டி, மடையையும் மிகைநீர் வெளியேறும் மறுகாலையும் சீராக்கும் திருப்பணி இறையருளாலும் உங்கள் நன்கொடையாலும் நிறைவுற்றது. தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கு தனித்தாளில் உள்ளது. வடகரையை மட்டும் ஏன் கான்கிரீட் போடாமல் மண்கரையாக விட்டோம் என்று பலர் கேட்டதற்கு இங்கே விளக்கம் தரக் கடமைப்பட்டுள்ளோம்.

அது தட்டான் பூச்சிக்காகவே. அதன் இளம்பருவம் முழுவதும் தண்ணீருக்குள்தான். கொசுப்புழுவைத் தின்று வளரும் அந்த இளம்பூச்சி, முதிர்ந்ததும் கோரைத்தண்டைப் பற்றி மேலேறி, முதுகுத்தோல் பிளந்து வெளிவந்து, சிறகு உலர்ந்த பிறகே பறக்கும். வடகரைக் கோரையில் ஒட்டியிருக்கும் வெற்றுத் தோல்களை விடியற்காலையில் எவரும் பார்க்கலாம். ஊசித்தட்டானோ நீர்ச்செடியின் தண்டைக் கீறி அதற்குள் முட்டையிடுகிறது. நாற்புறமும் பூசி, செடிகளையும் அரித்தெடுத்திருந்தால் இவற்றுக்கு இடமே இருந்திருக்காது. தூர்வாரும்போது நீரை முழுவதும் வடிக்காமல் பாதி பாதியாக வேலை செய்ததும், அதனால் நாள் கூடியதும் இதற்காகவே.

2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலில் கரைமரங்கள் சாய்ந்தபின் குளத்துக்கு நிழலில்லை. நீர் சூடேறினால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 20 பாகை செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும், 30 பாகையில் ஏறத்தாழ ஏழரைதான். அத்துடன் சாக்கடையும் சேர்ந்தால், ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் ஹீமோகுளோபின் உடலில் உள்ள சிவப்புப் புழு போன்ற சிலவே பிழைக்கும். தென்மூலைச் சேற்றில் நாம் கண்டது பெரும்பாலும் அந்தப் புழுவைத்தான். ஆகவே தெருச் சாக்கடையைத் திருப்பிவிட்டு, புங்கும் நீர்மருதும் நட்டுள்ளோம். இச்செலவு வீண் என்று குழு கருதவில்லை.

கம்பூசியா மீன் விடும் யோசனையைக் குழு ஏற்கவில்லை. கொசு ஒழிப்புக்கென்று 1928இல் இந்தியாவுக்கு வந்த அந்த மீன், கொசுவைத் தின்னும் பூச்சிகளின் குஞ்சுகளையும் சேர்த்தே தின்கிறது. விளக்கொளி நீர்ப்பூச்சிகளை ஈர்த்து அழிப்பதால், உயர்கம்ப விளக்குக்குப் பதிலாகப் படித்துறையில் மட்டும் மூடாக்கிட்ட விளக்கு வைத்தோம்.

சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. குளம்விட்டுக் குளம் பறக்கும் தட்டானுக்கு இடையிலுள்ள நம் போன்ற சிறுகுளங்களும் வேண்டும்.

இனி ஆண்டுதோறும் கும்பப்பூ நெல் நடவுக்கு முன் ஆகாயத்தாமரையை மட்டும் கையால் களைவது என்றும், வடகரைக் கோரையை வெட்டுவதில்லை என்றும், குளத்தில் சோப்பு போட்டுத் துவைப்பதைத் தடுப்பது என்றும் குழு தீர்மானித்துள்ளது. துவைக்க மடைக்குக் கீழே தனிக்கல் போட்டிருக்கிறோம். உறுப்பினர்கள் வீட்டாரிடம் இதைச் சொல்லி ஒத்துழைக்க வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்